இரும்பா, கருவியா?
முடிவுறாத உலோகப் பொருள்களும் சுங்க அட்டவணையும்

(பாலக்கோடு வட்டாரத்தில் ஊராட்சிப் பணியாளர், உழவர், கைத்தொழிலாளர் ஆகியோருக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சுங்க வரி என்றதும் கப்பலும் துறைமுகமும் நம் நினைவுக்கு வருகின்றன. கடற்கரைக்கு வெகு தொலைவிலுள்ள பாலக்கோட்டுக்கும் சுங்க அட்டவணைக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். தக்காளியும் கரும்பும் மாவும் விளையும் வட்டாரத்தில் விவசாயத்தைப் பற்றியல்லவா பேச வேண்டும் என்று கருதுவோரும் இருக்கலாம். விவசாயத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். தக்காளிக்குப் பாத்தி கட்டும் மண்வெட்டியும், கரும்பை வெட்டும் அரிவாளும், களை எடுக்கும் கொத்தும் இரும்பினால் ஆனவை. உலையிலிருந்து வயலுக்கு வரும் வழியில் அந்த உலோகம் எந்த இடம் வரை 'இரும்பு', எந்த இடத்திலிருந்து 'கருவி' என்பதற்குச் சட்டம் ஒரு வரப்பு இட்டிருக்கிறது. அந்த வரப்புக்கு இப்புறம் ஒரு வரி, அப்புறம் வேறு வரி. வரி மாறினால் விலை மாறும். விலை மாறினால் அதன் சுமை கடைசியில் உழவர் தோளில் இறங்கும். ஆகவே அந்த வரப்பு எங்கே ஓடுகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நமக்கு அவசியமாகும்.

அட்டவணை என்பது யாது?

நம் கிராமக் கணக்கில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சர்வே எண் உண்டு. எண் தவறினால் பட்டா தவறும். பட்டா தவறினால் வழக்கு வரும். அதுபோலவே உலக வாணிகத்தில் நடமாடும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் வகுக்கப்பட்டுள்ளது. 1983ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உருவான சர்வதேச உடன்படிக்கை ஒன்று இதற்கு அடிப்படை. அது 1988 ஜனவரி முதல் நாளில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1986ஆம் ஆண்டில், நம் நாடு 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வை அட்டவணைச் சட்டத்தை இம்முறைக்கு ஏற்பத் திருத்தி அமைத்துக்கொண்டது. எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் உலகமெங்கும் ஒன்றே. நம் நாடு மேலும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்து எட்டு இலக்கங்களாக வழங்குகிறது.

இந்த அட்டவணையில் 72ஆம் அத்தியாயம் இரும்பும் எஃகும் பற்றியது. கட்டி இரும்பு, பாளம், கம்பி, தகடு ஆகியவை இங்கே அடங்கும். 73ஆம் அத்தியாயம் இரும்பாலும் எஃகாலும் செய்த பொருள்களைப் பற்றியது. 82ஆம் அத்தியாயம் கருவிகளுக்கு உரியது. அதன் முதல் தலைப்பான 8201இல்தான் மண்வெட்டி, களைக்கொத்து, கோடரி, அரிவாள் முதலிய விவசாயக் கைக்கருவிகள் இடம் பெறுகின்றன. மாடோ டிராக்டரோ இழுக்கும் கலப்பை, இயந்திரங்களுக்குரிய 84ஆம் அத்தியாயத்தில், 8432 என்ற தலைப்பின்கீழ் வருகிறது.

முழுதாகச் செய்து முடித்த மண்வெட்டியைக் கண்டால் எவருக்கும் சந்தேகம் எழாது. வெறும் எஃகுப் பட்டையைக் கண்டாலும் அப்படியே. இரண்டுக்கும் இடையில் பாதி வேலை முடிந்து நிற்கும் பொருளைப் பற்றியே வழக்குகள் எழுகின்றன.

தீர்வை ஏன் வேறுபடுகிறது?

இந்த வேறுபாட்டின் பின்னே நம் பகுதியின் பழைய வரலாறும் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு வரை தருமபுரி, சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்ததை மூத்தோர் அறிவர். அந்தச் சேலம் சீமையின் இரும்புத்தாதுவை நம்பி, கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டளவில் கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையை நிறுவினார். அங்கே உருக்கப்பட்ட கட்டி இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. எஃகாக மாற்றும் வேலையும், அந்த எஃகைப் பண்டமாக்கும் வேலையும், அவ்வேலைக்குரிய கூலியும் அங்கே சென்றன. தாது தந்த நாட்டுக்குக் கிடைத்தது முதற்படியின் வருவாய் மட்டுமே. அந்த ஆலையும் அந்த நூற்றாண்டிலேயே மூடப்பட்டது.

அதன் பின்னும் நிலைமை எளிதில் மாறவில்லை. 1894ஆம் ஆண்டில் இந்தியாவில் இறக்குமதித் தீர்வை மீண்டும் விதிக்கப்பட்டபோது பொதுவிகிதம் 5 விழுக்காடாக இருக்க, இரும்புக்கும் எஃகுக்கும் 1 விழுக்காடே விதிக்கப்பட்டது. அயல்நாட்டு இரும்பு தடையின்றி வந்து குவிந்தது. 1923இல் அமைந்த தீர்வை வாரியத்தின் விசாரணைக்குப் பிறகு, 1924ஆம் ஆண்டின் எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் வாயிலாகவே உள்நாட்டு எஃகுக்குக் காப்புத் தீர்வை கிடைத்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாடுகள் கற்ற பாடம் ஒன்று. மூலப்பொருளுக்குக் குறைந்த தீர்வையும், முடிவுற்ற பொருளுக்குக் கூடிய தீர்வையும் விதித்தால், உருவாக்கும் வேலை உள்நாட்டில் நிற்கும். நம் நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. 2021-22ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பாளம் முதலிய அரைமுடிவு எஃகுப் பொருள்களின் சுங்கத் தீர்வை 7.5 விழுக்காடாகச் சீராக்கப்பட்டது. அந்நாளில் கைக்கருவிகளுக்கு 10 விழுக்காடு இருந்தது. இரண்டரை விழுக்காடு சிறு தொகையெனத் தோன்றலாம். ஒரு கோடி ரூபாய்ச் சரக்குக்கு அது இரண்டரை லட்சம் ரூபாய் ஆகும்.

இங்கேதான் சூழ்ச்சிக்கு இடம் பிறக்கிறது. வெளிநாட்டில் மண்வெட்டியை அடித்து வடித்து, சாணை பிடிப்பதையும் வண்ணம் பூசுவதையும் மட்டும் மிச்சம் வைத்து, 'இது கருவியன்று, வெறும் இரும்பு' என்று சொல்லித் துறைமுகத்தில் இறக்கினால் என்ன ஆகும்? குறைந்த தீர்வையில் சரக்கு உள்ளே வரும். இங்கே ஒரு நாள் வேலை செய்து சந்தைக்கு அனுப்பிவிடலாம். உலை மூட்டிச் சம்மட்டி அடிக்கும் நம் கொல்லர் அதனோடு போட்டியிட இயலாது. இதைத் தடுக்கவே அட்டவணையில் ஒரு விதி வகுத்திருக்கிறார்கள்.

விதி கூறுவது என்ன?

அட்டவணைக்குப் பொருள்கொள்ளும் பொதுவிதிகள் ஆறு உண்டு. அவற்றுள் இரண்டாம் விதியின் முதற்பகுதி நம் விஷயத்துக்கு உரியது. ஒரு பொருள் முழுமை பெறாமலோ வேலை முடியாமலோ இருந்தாலும், முடிந்த பொருளின் அடிப்படை இயல்பு அதில் வந்துவிட்டதாயின் அதை முடிந்த பொருளாகவே கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டிய பொருளுக்கும் இவ்விதியே பொருந்தும். தலைப்புகளின் வாசகமும் அத்தியாயக் குறிப்புகளும் வேறுவிதமாகக் கூறாத இடத்தில் இது செல்லும்.

'அடிப்படை இயல்பு' வந்துவிட்டதா என்று எப்படி அறிவது? உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் இதற்கு ஓர் உரைகல்லைத் தருகின்றன. பொருள் நேரே உபயோகத்துக்கு ஆயத்தமாக இல்லாமலிருக்கலாம். ஆயினும் முடிந்த பொருளின் ஏறத்தாழ உருவம் அதில் அமைந்திருக்க வேண்டும். விதிவிலக்கான சந்தர்ப்பங்கள் நீங்கலாக, அந்த ஒரு பொருளாக முடிப்பதைத் தவிர வேறு எதற்கும் அது உதவாததாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் அது அந்தப் பொருளின் முன்வடிவம் ஆகும். உருவம் இன்னும் அமையாத கம்பி, வட்டத் தகடு, குழாய் போன்றவை முன்வடிவம் ஆகமாட்டா.

நம் பட்டறையில் நடக்கும் வேலையைக் கொண்டே இதைப் பார்ப்போம். நீளமான எஃகுப் பட்டை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து அரிவாளும் செய்யலாம், வண்டிக்கு அச்சுப் பட்டையும் செய்யலாம், கதவுக்குத் தாழும் செய்யலாம். எனவே அது இரும்பு. அதை ஓர் அளவாக வெட்டித் துண்டாக்குகிறோம். அப்போதும் அது எதுவாகவும் மாறக்கூடும். எனவே இன்னும் இரும்புதான். அத்துண்டைக் காய்ச்சி அடித்து, அகன்ற இலையும், காம்பு நுழையும் துளையும் அமைந்த உருவமாக்குகிறோம். விளிம்பு மழுங்கலாக இருக்கிறது, மேலே கரி படிந்திருக்கிறது, நீரில் தோய்த்து உறுதியேற்றவும் இல்லை. ஆயினும் இதை மண்வெட்டியாக முடிப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? ஆகவே இங்கே வரப்பு தாண்டப்பட்டுவிட்டது. சாணையும் காம்பும் இல்லாவிடினும் அது கருவியின் தலைப்பைச் சேர்கிறது. மண்ணைப் பார்த்தே இது நஞ்சைக்கு ஆகுமா, புஞ்சைக்கு ஆகுமா என்று சொல்லும் உழவருக்கு இந்தச் சோதனை கடினமன்று.

எவர்சில்வர்ப் பாத்திரத்திலும் இதே முறைதான். பாத்திரம் செய்வதற்கென்றே வட்டமாக வெட்டிய தகடு ஒன்று வருகிறது. தட்டும் ஆகலாம், குண்டானும் ஆகலாம். ஆகையால் அது தகட்டின் இடத்தில்தான் நிற்கும். அதை அச்சில் அழுத்திக் குழித்துவிட்டால், மெருகு ஏறாவிடினும், அது பாத்திரத்தின் பக்கம் சேரும்.

வார்ப்புப் பொருள்களுக்கும் அடித்து உருவாக்கிய பொருள்களுக்கும் 73ஆம் அத்தியாயத்தில் 7325, 7326 என்ற பொதுத் தலைப்புகள் உள்ளன. வேறிடம் இல்லாத இரும்புப் பொருள்களே இங்கே தங்கும். கலப்பையின் உறுப்பு என்று தெளிவாக அடையாளம் காணத்தக்க வார்ப்பு, இன்னும் கடைசல் வேலை மீதியிருந்தாலும், கலப்பை உறுப்பின் இடத்துக்கே செல்லும் என்று விளக்கக் குறிப்புகள் கூறுகின்றன.

இரண்டு விலக்குகளையும் நினைவில் வைக்க வேண்டும். ஆணி, மரையாணி, சங்கிலி போன்ற பொது உபயோக உறுப்புகள் எந்தக் கருவிக்காக வாங்கப்பட்டாலும் தத்தம் தலைப்பிலேயே நிற்கும். கலப்பைக்கு முடுக்கும் மரையாணியும் மரையாணியே. அடுத்து, தனியாக விற்கும் மரக்காம்பு கருவியின் அத்தியாயத்தில் வராது. மரப்பொருள்களுக்குரிய 44ஆம் அத்தியாயத்தில் அதற்குத் தனித் தலைப்பு உண்டு.

நீதிமன்றங்கள் இட்ட எல்லைக்கற்கள்

இத்தகைய எல்லைத் தகராறு சுங்கத்துக்கு மட்டும் உரியதன்று. பழைய விற்பனை வரிச் சட்டத்தின்கீழும் இது பலமுறை எழுந்தது. தமிழ்நாடு அரசுக்கும் பியாரேலால் மல்ஹோத்ரா என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1976ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கழிவு இரும்புக்கு ஒருமுறை விற்பனை வரி செலுத்தியாயிற்று. அதிலிருந்து செய்த எஃகு உருட்டு, பட்டை, கோணம் முதலியவற்றுக்கு மறுபடியும் வரி உண்டா என்பது கேள்வி. உலோகம் ஒன்றேயாயினும் பண்டம் வேறு. ஆகையால் வரி உண்டு என்பது தீர்ப்பு. 1995ஆம் ஆண்டில் வசந்தம் பவுண்டரி வழக்கில், வார்ப்பிரும்பு வேறு, அதை உருக்கி அச்சில் வார்த்தெடுத்த பொருள் வேறு என்று அதே நீதிமன்றம் கூறிற்று.

அந்த விற்பனை வரி முறை 2017 ஜூலை முதல் நாளோடு பெரும்பாலும் மறைந்து, சரக்கு மற்றும் சேவை வரி வந்துவிட்டது. எனினும் அத்தீர்ப்புகளின் பின்னே உள்ள கருத்து இன்றும் பயன்படும். பொருள் எதனால் ஆனது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், வாணிகத்தில் அது எந்தப் பண்டமாக நிற்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நம் ஊருக்குள் வரும் சுங்க விதி

இனி மிக முக்கியமான செய்திக்கு வருவோம். சரக்கு மற்றும் சேவை வரியின் விகித அறிவிக்கைகள் சுங்க அட்டவணையின் எண்களையே எடுத்தாள்கின்றன. அந்த அட்டவணையின் பொருள்கோள் விதிகளும், பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும் இங்கும் பொருந்தும் என்று அவ்வறிவிக்கைகளே கூறுகின்றன. விற்பனைச் சீட்டில் 'எச்.எஸ்.என்.' என்று அச்சிட்டிருக்கும் எண் இதுவே. ஆகவே துறைமுகத்துக்கென வகுத்த விதி நம் கடைத்தெருவிலும் ஆட்சி செய்கிறது.

2017ஆம் ஆண்டில் இவ்வரி வந்தபோதே 8201 தலைப்பிலுள்ள விவசாயக் கைக்கருவிகளுக்கு முழு விலக்கு அளிக்கப்பட்டது. 7326 தலைப்பில் வரும் பொதுவான இரும்புப் பொருள்களுக்கு 18 விழுக்காடு விதிக்கப்பட்டது. ஒரு பட்டறை மண்வெட்டியின் முன்வடிவத்தை அடித்துத் தருகிறது. மற்றொரு பட்டறை அதைச் சாணை பிடித்து விற்கிறது என்று கொள்வோம். முன்வடிவம் ஒன்றுக்கு விலை 200 ரூபாய் என்றால், அதைப் பொதுவான இரும்புப் பொருளாகக் கருதும்போது வரி 36 ரூபாய். 500 உருப்படிகளுக்கு 18,000 ரூபாய். கருவியாகக் கருதினால் வரி இல்லை.

கொடுத்த வரியைப் பின்னர்க் கழித்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணலாம். அது இங்கே நடவாது. முடிவில் விற்கப்படும் மண்வெட்டி வரிவிலக்குப் பெற்றது. விலக்குப் பெற்ற பொருளுக்காக வாங்கிய சரக்கின் வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த 36 ரூபாயும் மண்வெட்டியின் விலையில் ஒளிந்துகொண்டு உழவரிடம் வந்து சேரும். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். கணக்குப் பாராமல் விட்டால் அந்த உழக்கையும் பிறர் அளந்து கொண்டு போய்விடுவர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருளுக்கு எந்தத் தலைப்பு என்பது ஒரு கேள்வி. அத்தலைப்பில் அரசு அளித்த சலுகை அப்பொருளுக்குக் கிட்டுமா என்பது மற்றொரு கேள்வி. 2018ஆம் ஆண்டில் திலீப்குமார் கம்பெனி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, வரிவிலக்கு அறிவிக்கையைக் கண்டிப்பாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும், விலக்குக் கோருபவரே தமக்கு அது உரியது என்று நிலைநாட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆதலால் முடிவுறாத கருவியை விற்பவர், இரண்டாம் விதியை மட்டும் நம்பி விலக்கு எடுத்துக்கொள்வது துணிச்சலாகும். வரிப்பதிவு பெற்றவரோ, பெற விரும்புபவரோ முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பித்து, தம் பொருளின் இடம் எது என்பதைத் தொழில் தொடங்குமுன்பே கேட்டறியலாம். இறக்குமதி செய்வோருக்கும் சுங்கச் சட்டத்தில் இத்தகைய வசதி உண்டு. கூட்டாகத் தொழில் செய்யும் குழுக்களுக்கு இது மிகவும் ஏற்ற வழி.

சரக்கு மட்டும் விற்கும் சிறு தொழிலாளரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாக அவர் இவ்வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. அவர் வரி வசூலிக்கவும் கூடாது. நம் ஊர்க் கொல்லர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் அடங்குவர். ஆனால் பலர் ஒன்றுகூடிச் சங்கமாகவோ குழுவாகவோ விற்கத் தொடங்கும்போது அந்த வரம்பு கிட்டே வரும். அப்போது இக்கேள்விகள் எல்லாம் வாசற்படியில் வந்து நிற்கும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஊராட்சிக்குக் கருவிகள் வாங்கும்போது விலைப்புள்ளியிலும் சீட்டிலும் 'இரும்புச் சாமான்' என்று மொட்டையாக எழுத விடக்கூடாது. 'விவசாயக் கைக்கருவி, மண்வெட்டி, காம்பில்லாதது' என்று பொருளின் பெயரும் நிலையும் விளங்க எழுதச் செய்ய வேண்டும். எண்ணையும் வரி விகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விகிதங்கள் அவ்வப்போது மாறுவதால் வாங்கும் நாளின் நடப்பு விகிதத்தையே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, மண்வெட்டியும் காம்பும் மரையாணியும் ஒரே கடையில் வாங்கினாலும், அவை தனித்தனியே விற்கப்படும் பொருள்களாயின் தனித்தனி வரியில் எழுதப்பட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எண்ணின்கீழ் அடக்கினால், வரி கூடியோ குறைந்தோ தவறிப்போகும். தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் ஊராட்சிப் பொறுப்பாளரே.

மூன்றாவது, பட்டறைத் தோழர்கள் பாதி வேலை முடிந்த பொருளை அனுப்பும்போது, அது எந்த நிலையில் அனுப்பப்படுகிறது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். வெட்டிய துண்டா, அடித்த உருவமா, துளையிட்டதா, தோய்த்ததா என்ற குறிப்பும், கூடுமானால் ஒரு புகைப்படமும், பின்னாளில் நூறு வாதங்களுக்குச் சமம். வரியை மிச்சப்படுத்துவதற்காகக் கருவியை இரும்பென்றோ இரும்பைக் கருவியென்றோ எழுதுவது குற்றமாகும். அது நாணயமான பட்டறைக்கும் கேடு விளைவிக்கும்.

நான்காவது, மிகக் குறைந்த விலையில் சந்தைக்கு வரும் கருவியைக் கண்டால், அது எங்கே உருவாகி எந்த நிலையில் வந்தது என்று கேட்கப் பழக வேண்டும். முறையான தீர்வை செலுத்தி வந்த சரக்கோடு போட்டியிட நம் தொழிலாளர் அஞ்சமாட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டு நுழைந்த சரக்கே அவர்கள் உலையை அணைப்பது.

பெரியோர்களே! பழைய லாரி வில்பட்டையை வாங்கி அரிவாளாக்கும் கொல்லரின் பட்டறையில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். உலையில் வைப்பதற்கு முன் அது எடைக்கு விற்கும் இரும்பு. அவர் கைபட்டு உருவம் பெற்ற பின் அது பயிர் காக்கும் கருவி. இரண்டு விலைகளுக்கும் நடுவே நிற்பது அவர் உழைப்பு. அந்த உழைப்பு எந்த அடியில் இரும்பைக் கருவியாக்கிற்று என்பதைத்தான் சுங்க அட்டவணையின் விதியும் தன் வறண்ட மொழியில் கேட்கிறது. அதற்குச் சரியான விடையைச் சீட்டில் எழுதுவது அரசுக்கு உரியதை அரசுக்கும், தொழிலாளருக்கு உரியதைத் தொழிலாளருக்கும், உழவருக்கு உரியதை உழவருக்கும் சேர்ப்பதாகும்.

இனி உங்கள் ஊராட்சிகளில் கருவி வாங்கும் சீட்டு கைக்கு வந்தால், தொகையைப் பார்க்குமுன் பொருளின் பெயரையும் எண்ணையும் பாருங்கள். சந்தேகம் எழுந்தால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வணிகவரி அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபெற நாம் உதவுவோம்.